ஈரல் கெட்டவனெல்லாம் குடிகாரனா?

போன மாதம் ஒரு தோட்டத்தில் கிளைக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம். ஓர் அண்ணன் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். இருபத்தைந்து வருஷம் பால்மரம் சீவியவர். மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு பட்டணத்துத் தொழிற்சாலையில் காவல் வேலை. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியே கதி.

"தம்பி, கிளினிக்குல வயித்த ஸ்கேன் பண்ணிட்டு ஈரல்ல கொழுப்பு ஏறியிருக்குன்னுட்டாங்க. ஒங்க அண்ணி மொறைக்கிறா. எந்தக் கடையில ஊத்திக்கிறேன்னு கேக்குறா. கள்ளோ சம்சோ நான் தொட்டதில்லன்னு ஒனக்கே தெரியும்" என்றார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், குரல் உடைந்துவிட்டது.

அண்ணியைக் குறை சொல்ல நான் தயாரில்லை. சம்சு நம் லயங்களில் செய்த அநியாயம் அப்படி. ஈரல் என்றாலே போத்தல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு சொட்டுக் குடிக்காதவர் ஈரலிலும் கொழுப்பு சேரும். தொந்தி, இனிப்பு நீர், உட்கார்ந்தே பார்க்கும் வேலை, இவற்றோடு கூடவே வரும் வியாதி இது. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் 31.4 பேர். மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். அத்தனை பேரும் குடிகாரர்களா?

டாக்டர் அவரை நடக்கச் சொல்லியிருக்கிறார். "காலு நடந்தா ஈரலுக்கு என்னா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஈரலை நம் தோட்டத்து ஸ்டோர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 100 கிராம் சர்க்கரையை அது சேமித்து வைத்திருக்கும். கைகால் வேகமாக அசைந்தால் தசைகள் சர்க்கரை கேட்கும். உடனே கணையம் இன்சுலினைக் குறைத்து, குளுக்ககான் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. ஸ்டோரைத் திறக்கச் சொல்லும் உத்தரவு அது. ஈரல் சர்க்கரையை வெளியே விடுகிறது.

இவ்வளவும் பழைய பாடம். இந்த நூற்றாண்டில் கண்டறிந்த புதிய சங்கதி என்னவென்றால், ஈரல் வெறும் ஸ்டோர் இல்லை, அதுவே ஹார்மோன் அனுப்பும் ஆபீஸும்கூட! எஃப்.ஜி.எஃப். 21 என்று ஒன்று. கொழுப்பையும் சர்க்கரையையும் உடல் கையாளும் விதத்தை மாற்றுவது. ஃபாலிஸ்டாட்டின் என்று மற்றொன்று. தசை வளராமல் பிடித்து வைக்கும் பொருளைத் தடுப்பது. டென்மார்க்கில் மனிதர்களை வைத்தே சோதித்தார்கள். சைக்கிள் மிதித்து முடித்த பிறகு, உட்கார்ந்து இளைப்பாறும் மணி நேரங்களில்தான் ஃபாலிஸ்டாட்டின் இரத்தத்தில் பல மடங்கு ஏறுகிறது. மிதிக்கும்போது அவ்வளவு இல்லை. உழைப்பின் பலன் ஓய்வில் வருகிறது என்பதைக் கணக்கு எழுதும் கிராணிகள் கவனிக்க வேண்டும்.

2018-இல் வெளிவந்த இன்னொரு டென்மார்க் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர் பத்துப் பேர் ஒரு நாள் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தார்கள், வேறொரு நாள் பளு தூக்கினார்கள். சைக்கிளுக்குப் பிறகு எஃப்.ஜி.எஃப். 21 ஏறக்குறைய மூன்று மடங்கு கூடியது. பளு தூக்கிய நாளில் அப்படி ஏறவில்லை. அதற்காகப் பளு தூக்குவது வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தசை வலுத்தால் சர்க்கரைக்கு இடம் கிடைக்கும், ஈரல் கொழுப்பும் அதனால் குறையும். ஒரே ஈரல், இரண்டு வித உழைப்புக்கு இரண்டு வித பதில் தருகிறது என்பதுதான் செய்தி.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. பருத்த உடம்பிலும் கொழுப்பு ஏறிய ஈரலிலும் இந்த எஃப்.ஜி.எஃப். 21 ஏற்கெனவே அதிகமாகத்தான் இருக்கிறது. உடம்புதான் அதைக் காதில் வாங்குவதில்லை. நாம் மகஜர் மேல் மகஜர் கொடுத்தும் நிர்வாகம் அசையாத மாதிரி! தொடர்ந்து ஓடவிட்ட எலிகளில் அந்தச் செவிட்டுத்தனம் குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். மனிதரில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ஒழுங்காக உடற்பயிற்சி செய்தால், எடை பெரிதாகக் குறையாவிட்டாலும்கூட ஈரல் கொழுப்பு குறைகிறது.

"நாங்க பார்க்காத வேலையா? இதுக்கு மேல என்ன எக்ஸசைஸ்?" என்று கேட்பீர்கள். என் அப்பாவும் இதையேதான் சொன்னார். அவர் காலம் வேறு. விடியுமுன் பெரட்டுக்கு நடை, மரத்துக்கு மரம் நடை, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. அதன் பலனை, வேலை மாறிப் பத்து வருஷம் கழித்தும் உடம்பு வைத்திருக்காது. சேமநிதி இல்லை அது, போட்டு வைத்து எடுக்க! இன்றோ மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறோம், பிளாட் வீட்டில் படுக்கிறோம், சுண்டக் காய்ச்சிய பால் ஊற்றிய தே தாரிக் நாளைக்கு நாலு கிளாஸ் உள்ளே போகிறது. அந்த இனிப்பை ஈரல் என்னதான் செய்யும்? மிஞ்சியதைக் கொழுப்பாக்கி வைக்கும்.

அதே சமயம், குலை வெட்டி முதுகொடிந்து வருகிறவனிடம் "சாயங்காலம் ஓடு" என்று சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு வேண்டியது தூக்கம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடை வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பன்னிரண்டு மணி நேரம் காவல் காப்பவர் அதை எங்கிருந்து எடுப்பார்? 2023 ஜனவரி முதல் சட்டப்படி சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. அடிப்படைச் சம்பளம் போதாமல் ஓவர்டைம் செய்தே பிழைக்கிறவனுக்கு அந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய். இங்கேதான் ஈரல் சங்கத்து விவகாரமாகிறது. டாக்டர் சீட்டில் "நட" என்று எழுதலாம், நடக்க நேரம் வாங்கித் தருவது நம் வேலை.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் ஊசியோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடக்கக் கூடாது. மயக்கம் வரும். டாக்டரைக் கேட்டு, பையில் இரண்டு மிட்டாய் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அந்த அண்ணன் வீட்டுக்கு மறுவாரம் போய் அண்ணியிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி நம்பினார். "அப்ப ஏன் இவரு தொப்ப மட்டும் பீர் குடிச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். இப்போது இரண்டு பேரும் கோயில் பக்கமிருந்து பழைய திடல் வரை நடக்கிறார்கள். திடலில் விளக்கு எரியாமல் ரொம்ப நாள் ஆயிற்று. அதற்கான மகஜரில் 42 கையெழுத்து சேர்ந்திருக்கிறது. முதல் கையெழுத்து அண்ணியுடையது.