செடி காத்தலும் தேச சேவையே

தாவர சாஸ்திரத் தோட்டம் என்றால் உல்லாசமாக உலாவி வருவதற்கான இடமென்றே நம்மவரில் பலர் கருதுகின்றனர். அதன் சரித்திரம் வேறு. 1787-ல் கல்கத்தாவுக்கு எதிரே சிப்பூரில் கம்பெனியார் தோட்டம் போட்டது வியாபார லாபத்தைக் கருதியே. 1876-ல் பிரேஸிலிலிருந்து கொண்டுபோகப்பட்ட ரப்பர் விதைகள், லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்து இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் சென்றன. பின்னர் அம்மரங்களில் பால் எடுக்க மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் நம் தமிழ்நாட்டு ஏழைகளே! ஒரு செடி இடம் மாறினால் ஒரு ஜன சமூகத்தின் தலைவிதியே மாறும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

அன்னியர் லாபத்துக்கு உதவிய அதே கருவி இன்று ரக்ஷணத்துக்கும் உதவுகிறது. பொதிகைக்கு அப்பால், பாலோட்டில் 1979-ல் கேரள ஸர்க்கார் ஸ்தாபித்த தோட்டத்தைப் பார்ப்போர் இதனை உணர்வர். அகஸ்திய மலையிலன்றி உலகில் வேறெங்கும் தானாக வளராத ட்ரூரி ஆர்க்கிட், பூப் பறித்து விற்போரின் பேராசையால் அருகிப்போயிற்று. அதனை ஆய்வுச்சாலையில் கன்றுகளாகப் பெருக்கியவர்கள் அங்குள்ள விஞ்ஞானிகள். 1987-ல் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப் பச்சையிலிருந்து களைப்பு நீக்கும் மருந்தொன்றும் அங்கே உருவாயிற்று. 1995-ல் அதன் தயாரிப்பு உரிமை ஒரு வைத்திய சாலைக்கு அளிக்கப்பட்டபோது, கட்டணத்திலும் ராயல்டியிலும் சரிபாதி காணி மக்களுக்கென்று ஏற்பாடாயிற்று. அறிவைத் தந்தவனுக்கும் பங்கு உண்டு என்பதே நியாயம்.

"மலைச் செடியால் எங்களுக்கென்ன?" என்று மேலநீலிதநல்லூர் வாசிகள் கேட்கலாம். மலைக்கு மட்டுமா பொக்கிஷம்? கரிசலிலும் செவலிலும் தழைக்கும் மூலிகைகள், குதிரைவாலி, சாமை முதலிய தானியங்கள், குடை பிடித்தாற்போல் நிற்கும் உடைமரம் ஆகிய யாவும் இவ்வட்டாரத்தின் சொத்து. சீமைக் கருவேல் பரவும் புறம்போக்கில் இவற்றுக்கு இடம் சுருங்கி வருகிறது. நெடுங்காலம் விதை காத்த பாட்டிமாரும் மறைந்து வருகின்றனர். அவ்வூர்க் கல்லூரி மாணவர்கள் அரை ஏக்கர் நிலத்தில் இவற்றைப் பயிராக்கி, விதையைக் குடியானவருக்கே திருப்பித் தரலாகாதா? மண்ணுக்குத் திரும்பாத செடி காட்சிப் பொருளேயாகும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2002-ம் வருஷத்து உயிரிப் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் கமிட்டி அமைத்து, தன் எல்லையிலுள்ள தாவரங்களையும் அவை பற்றிய மக்கள் அறிவையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அது ஏட்டளவில் நின்றால் பயனில்லை. அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று ஊராட்சியில் கேட்பதே தேசத் தொண்டர்களின் முதல் கடமை. எழுதி வைக்காத உடைமையை எவனும் தனதென்று சொல்லலாம். எழுதி வைத்ததைப் பறிக்க வருவோன் நியாயஸ்தலத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.