எச்சரிக்கைக்கு அதிகாரம் வேண்டும்

2025 பிப்ரவரி 28 அதிகாலை, உத்தராகண்டின் மாணா கிராமத்துக்கு அருகே எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாமைப் பனிச்சரிவு மூடியது. கன்டெய்னர்களில் தங்கியிருந்தவர்கள் உள்பட 54 தொழிலாளர்கள் சிக்கினர். 46 பேர் பிழைத்தனர். 8 பேர் உயிரிழந்தனர்.

இது சொல்லாமல் வந்த ஆபத்தல்ல. பாதுகாப்புத் துறையின் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் முந்தைய நாள் மாலையே எச்சரித்திருந்தது. சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளில் 24 மணி நேரத்துக்குப் பனிச்சரிவு அபாயம் என்றது அது. மாணா இருப்பதோ சுமார் 3,200 மீட்டர் உயரத்தில். குளிர்காலத்தில் அருகிலுள்ள பத்ரிநாத் கோயில் நடை சாத்தப்படுகிறது. மாணா மக்களும் கீழே இறங்கிவிடுகின்றனர். பனியை நன்கறிந்த மக்கள் ஒதுங்கிவிடும் இடத்தில், பிழைப்புக்காக வந்தவர்களைத் தங்கவைத்தது ஏன்?

பனிச்சரிவு எல்லா மலைமுகங்களிலும் ஒரேபோல வருவதில்லை. பருவத் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனி, கடுங்குளிரில் சர்க்கரை போல ஒட்டாத மணிகளாக மாறும். பின்னர் அதன்மேல் கனத்த பனி கொட்டினால் அடியடுக்கு நொறுங்கி, மேலடுக்கு பாளமாகப் பெயர்ந்து சரியும். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள மலைமுகங்களில் இது நிகழ்கிறது. எனவே ‘மாவட்டத்தில் அபாயம்’ என்ற அறிவிப்பு போதாது. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் வெளியிடும் அறிக்கை, எந்த உயரத்தில், எத்திசை நோக்கிய சரிவில் ஆபத்து என்பதை ஐந்து நிலைகளில் பிரித்துச் சொல்கிறது. அத்தகைய அறிக்கை இமயமலைக்கும் வேண்டும்.

எச்சரிக்கைதோறும் எல்லைச் சாலைப் பணியை நிறுத்த முடியாது என்பார்கள். சாலை அவசியம்தான், அதற்காகப் பனிச்சரிவுப் பாதையிலேயே முகாம் அமைக்க வேண்டியதில்லை. பழைய சரிவுத் தடங்களை வரைபடமாக்கி, அவற்றுக்கு வெளியே மட்டுமே குளிர்கால முகாம்களை அனுமதிக்க வேண்டும். தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் புதையுண்ட இடத்தைக் காட்டும் பீக்கன் கருவி தரவேண்டும். பனியில் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கால் மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. வெளியிலிருந்து மீட்புப் படை வரும்வரை அந்த வாய்ப்பு காத்திருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அபாயம் ஒரு குறிப்பிட்ட நிலையைத் தாண்டினால் முகாமைக் காலி செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும். அதை மீறி ஆட்களை அங்கேயே இருக்கச் சொல்லும் அதிகாரி, காரணத்தை எழுதிக் கையெழுத்திடட்டும். பொறுப்பேற்க ஒரு பெயர் இருந்தால்தான் எச்சரிக்கை உத்தரவாகும்.