சவேரியாரும் தமிழ் மொழியும்

அர்ச்சியசிஷ்டர்களின் சரித்திரங்களை எழுதப் புகுவோர், அவர்கள்பால் உள்ள பத்தி மிகுதியினாலே, சிற்சில வேளைகளில் அவர்களுடைய மெய்யான பெருமையையே மறைத்துவிடுகின்றனர். இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த பிரான்சீஸ்கு சவேரியாருடைய சரித்திரமே போதும். அவர் சென்ற நாடுகளின் மொழிகளைக் கல்லாமலே பேசும் வரம் பெற்றிருந்தார் என்று பலர் எழுதியுள்ளனர். 1622-ஆம் ஆண்டு அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளிக்கப்பெற்ற காலத்திலேயே இக்கதை வேரூன்றியிருந்தது.

ஆயினும் சவேரியார் தாமே வரைந்த கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவை கூறுவது வேறு. 1506-ஆம் ஆண்டு நவாரா நாட்டிற் பிறந்த அவருக்குத் தாய்மொழி பாஸ்கு. 1542-இல் கோவாவை அடைந்து, அவ்வாண்டின் பிற்பகுதியிலே பரதவர் வாழும் கரைக்கு வந்தார். அம்மக்கள் மொழி தமக்கும், தம் மொழி அவர்களுக்கும் விளங்கவில்லை என்று 1544 சனவரியில் ரோமாபுரியிலிருந்த தம் தோழர்க்கு எழுதுகிறார். இரு மொழியும் அறிந்தாரைத் தேடிக் கூட்டி, பல நாள் வருந்தி, செபங்களைத் தமிழிற் பெயர்த்து, அவற்றை நெட்டுருச் செய்து, கையில் மணியுடன் ஊரெங்கும் திரிந்து மக்களை அழைத்துக் கற்பித்தார். பாரிஸ் சர்வகலாசாலையிற் கற்று, அந்நகரிலே தத்துவ சாஸ்திரம் போதித்த ஆசிரியர் ஒருவர், முப்பத்தாறு வயதிற்கு மேல், சிறு பிள்ளையைப்போல் அயல்மொழியை நெட்டுருப் பண்ணுவதை எண்ணிப் பார்மின்! (ஒரு செய்யுளை மனனம் செய்வதற்கே முறையிடும் மாணாக்கருள் யானும் ஒருவன்.)

அற்புதங்களை நீக்கினால் பாமரர் பத்தி குன்றும் என்பாரும் உளர். கடவுள் இவ்வரத்தை அளிக்க வல்லவரல்லர் என்று யான் வாதிக்கவில்லை. அளித்ததாக அவர் அடியாரே சொல்லாதபோது, நாம் சொல்வது முறையோ என்பதே என் வினா. அன்றியும், மொழி வரத்தால் வந்ததாயின், அவர் அருகிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொடுத்த தமிழர்க்கு அச்சரித்திரத்தில் இடம் ஏது? அவர்கள் உழைப்பும் அவர் உழைப்போடு சேர்ந்தே மறைந்துபோகின்றது.

அவ்வுழைப்பிற் பிழையும் நேர்ந்தது. விசுவாச மந்திரத்தில் 'விசுவசிக்கிறேன்' என வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேண்டும்' என்றே வழங்கிவந்தது. சவேரியார் அப்பிழையை உணர்ந்தவுடன், உடனூழியராகிய மான்சிலாஸ் என்பார்க்கு 1544-இல் எழுதிய கடிதத்தில், அதனை நீக்கி 'விசுவாசம்' என்னும் சொல்லை வைக்குமாறு பணித்தார். 'வேண்டும்' என்பது விருப்பத்தையே குறிக்கும் என்று காரணமும் காட்டினார். கல்லாமற் பேசும் வரம் பெற்றார்க்கு இத்திருத்தம் எற்றுக்கு? சிறுவர்க்கென எழுதப்பெற்ற சவேரியார் சரித்திரங்களுள் யான் படித்தவை எவற்றிலும் இக்கடிதத்தைக் கண்டிலேன்.