"மோட்டார் சைக்கிள் வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதுமா?



வழமையாக இப்பகுதியில் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரோல், முழங்கால் நோ என்றுதான் எழுதி வருகிறோம். இம்முறை மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறோம். மருத்துவப் பகுதிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். அந்தத் தொடர்பு எமது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது.

சென்ற கோடை காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எமது மகன், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட வந்தான். சட்டைக் கையில் இரத்தம் ஊறியிருந்தது. கேட்டதற்கு, "புட்போல் விளையாடேக்க விழுந்தனான் அப்பா" என்றான். காயத்தைக் கழுவிப் பார்த்தோம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. சதைக்குள் கறுப்பு மண் போலத் தார்த் துகள்கள் புதைந்திருந்தன. புல்தரையில் விழுந்தவன் கையில் தார் எப்படி வரும்? இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் காயங்களைப் பார்த்து வருகிறோம். அந்தக் காயம் எமக்கு உண்மையைச் சொல்லிவிட்டது.

பிறகு மகனும் சொன்னான். ஐந்து மாதமாக மாலை நேரங்களில் 125 சிசி ஸ்கூட்டரில் உணவு விநியோகம் செய்கிறான். வண்டி பக்கத்துத் தெருவில் நண்பன் வீட்டில் நிற்கிறது. தலைக்கவசம் யாரோ பாவித்து விட்ட பழையது. அன்று மெல்லிய ரீசேர்ட்டுடன், கையுறை இல்லாமல் ஓடியிருக்கிறான். ஈரமான வளைவில் சறுக்கி விழுந்திருக்கிறான். "ஏன் ஒரு ஜக்கெற், ஒரு கையுறை வாங்கக் காசில்லையா?" என்று சத்தம் போட்டோம். அதற்கு அவன் சொன்ன பதில் இன்னும் காதில் கேட்கிறது: "வாங்கினால் வீட்டில வைக்கோணும். அம்மா காண்பா."

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. அவனுடைய கையுறையைப் பறித்தது எமது தடைதான் என்பது அப்போதுதான் புரிந்தது.

எமது பயம் எங்கிருந்து வந்தது?

பயம் பொய்யானதல்ல. பிரித்தானிய வீதிகளில் ஓடும் வாகனப் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிள்களின் பங்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. ஆனால் வீதி விபத்துகளில் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர். எந்தத் தாய்தகப்பனும் பயப்படத்தான் வேண்டும்.

ஆனால் எமது பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1990களில் நாம் யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவராக இருந்தோம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடினார்கள். எமது ஐயா எம்மை மோட்டார் சைக்கிளில் தொடவே விடவில்லை. இளம் பிள்ளைகள் வெளியில் கண்ணில் படுவதே ஆபத்தாக இருந்த காலம் அது. "போகாதே, வேண்டாம்" என்ற பெற்றோரின் சொல் அன்று உண்மையிலேயே உயிர் காத்தது. அகதியாக இந்நாட்டுக்கு வந்து, திரும்பவும் பரீட்சைகள் எழுதி, குடும்ப வைத்தியரான பின்னும் அந்தச் சொல்லை நாம் கைவிடவில்லை. மகன் பதினேழு வயதில் மோட்டார் சைக்கிள் என்று வாய் திறந்தபோது, அவன் கேட்டு முடிப்பதற்கு முன்பே "வேண்டாம்" என்றோம். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

எதைத் தடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் தடுத்துவிட்டோம். ஆகவே அதை நாமே படித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். "ஐம்பத்துநாலு வயதில உங்களுக்கு என்ன விசரா?" என்று மனைவி கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

நாம் படித்த பாடம்

பிரித்தானியாவில் 125 சிசி வரையான மோட்டார் சைக்கிளை வீதிக்குக் கொண்டுவருவதற்கு முன் சி.பி.ரி. எனப்படும் கட்டாய அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும். 1990இல் இருந்து இந்த விதி உண்டு. இது பாஸ், பெயில் என்று புள்ளி போடும் பரீட்சை அல்ல. பயிற்றுநருக்குத் திருப்தி வந்தால் சான்றிதழ் தருவார், இல்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார். கார் அனுமதிப்பத்திரம் இருபது வருடமாகக் கையில் இருக்கிறது, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு போனோம்.

முதலில் கண் பார்வை. 20 மீற்றர் தூரத்தில் நிற்கும் வாகனத்தின் இலக்கத் தகட்டை வாசிக்க வேண்டும். பிறகு தலைக்கவசம், ஜக்கெற், கையுறை, சப்பாத்து ஆகியவற்றைப் பற்றிய விளக்கம். அதன்பின் கார் தரிப்பிடம் ஒன்றில் பிளாஸ்ரிக் கூம்புகளை அடுக்கி வைத்துப் பயிற்சி.

ஊரில் இருக்கும் வரை சைக்கிளே எமது வாகனம். சமநிலை ஒரு பிரச்சினையாக இருக்காது என்று நினைத்தோம். ஆனால் கிளச்சை விடும் அளவு பிடிபடவில்லை. எஞ்சின் நின்றது. திரும்பவும் கிளப்பினோம், திரும்பவும் நின்றது. ஏழு தரம் எண்ணினோம், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். பக்கத்தில் நின்ற பதினேழு வயதுப் பெண்பிள்ளை எம்மைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

அடுத்தது எட்டு வடிவில் சுற்றி வருவது. கூம்பில் முட்டக்கூடாது என்று கூம்பையே பார்த்தோம், கூம்பிலேயே முட்டினோம். "போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், வண்டி கண்ணுக்குப் பின்னால் வரும்" என்றார் பயிற்றுநர். தலையைத் திருப்பிப் பார்த்தவுடன் வண்டியும் அங்கே திரும்பியது. இதை எத்தனை நாள் ஓடிய பின்னும் வியப்பாகத்தான் உணர்கிறோம்.

பிறகு விழுந்தோம். மெதுவாக வட்டமடித்துத் திரும்பும்போது பயத்தில் முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டோம். நேராகப் போகும்போது முன் பிறேக்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது, ஏனென்றால் நிறுத்தும்போது பாரம் முன் சில்லுக்கு வந்துவிடும். ஆனால் கைபிடி திரும்பியிருக்கும்போது அதைச் சடாரென்று பிடித்தால் வண்டி சாய்ந்துவிடும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைக் காலால் தாங்க முடியாது. நடக்கும் வேகத்தில் விழுந்தும் உள்ளங்கை தாரில் உரசியது. கையுறையின் தோல் தேய்ந்தது, எமது தோல் தேயவில்லை. கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்தபோது மகனின் கைதான் நினைவுக்கு வந்தது.

அன்று எம்முடன் பயின்றவர்களில் ஊரிலிருந்து படிக்க வந்த தம்பி ஒருவரும் இருந்தார். பதின்மூன்று வயதிலிருந்தே ஓடுபவராம். வண்டியைக் கையாளுவதில் அவருக்கு நிகராக யாரும் இல்லை. ஆனால் திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலால் பின்னால் பார்க்க அவர் தலை திரும்பவேயில்லை. அந்தக் கடைசிப் பார்வையை இங்கே "உயிர் காக்கும் பார்வை" என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அன்று வீதிக்கு அனுப்பப்படாதவர்கள் இருவர், அந்தத் தம்பியும் நாமும். ஒருவருக்கு வண்டி தெரியவில்லை, மற்றவருக்கு வீதி தெரியவில்லை.

அடுத்த கிழமை திரும்பவும் போனோம். இம்முறை வீதியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினோம். பயிற்றுநர் பின்னால் வந்து, காதுக்குள் வானொலி மூலம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத் தெரு வாயிலில் கார் ஒன்று நின்றது. சாரதி எம்மை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே வந்தார். "கார் நிற்கிறது, பிறேக்கில் விரலை வையுங்கள்" என்று ஏற்கெனவே காதில் சொல்லப்பட்டிருந்ததால் தப்பினோம். அவர் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவர் எம்மைக் காணவில்லை. முன்னாலிருந்து பார்க்கும்போது மோட்டார் சைக்கிள் ஒடுக்கமான சிறு உருவம். அது எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதைக் கண்ணும் மூளையும் சரியாகக் கணிப்பதில்லை. கார் ஓடும் வாசகர்களே, சந்தியில் ஒரு தரம் பார்த்தது போதாது. இன்னொரு தரம் பாருங்கள். வருவது யாருடைய பிள்ளையோ!

தலைக்கவசத்தின் கதை

"அரேபிய லோரன்ஸ்" என்று உலகம் அறிந்த ரி. ஈ. லோரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாட்களின் பின் தலைக்காயத்தால் இறந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெயன்ஸ் என்ற மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். அந்த மரணத்தை மறக்க முடியாத அவர், மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். பிரித்தானியாவில் எல்லா ஓட்டுநர்களுக்கும் தலைக்கவசம் சட்டமானது 1973இல். அப்போது கெயன்ஸ் உயிரோடு இல்லை.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மீளாய்வின்படி, தலைக்கவசம் இறப்பு ஆபத்தை ஏறக்குறைய 42 வீதமும், தலைக்காய ஆபத்தை 69 வீதமும் குறைக்கிறது. நாம் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் இவ்வளவு பலன் தருபவை மிகச் சிலவே.

சில மருத்துவக் குறிப்புகள்

* பாவித்த தலைக்கவசம் வாங்க வேண்டாம். ஒரு தரம் பலமாக அடிபட்டால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே உள்ள நுரைப்படை நசிந்திருக்கும். தலையோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும், நாடியின் கீழ் வாரைப் பூட்ட வேண்டும்.

* விபத்தில் விழுந்துகிடப்பவரின் தலைக்கவசத்தைக் கழற்ற அவசரப்படாதீர்கள். கழுத்தெலும்பில் காயம் இருக்கலாம். மூச்சு விட முடியாத நிலை போன்ற கட்டாயம் இருந்தால் தவிரக் கை வைக்காமல் 999ஐ அழையுங்கள்.

* தார் புதைந்த காயத்தை அன்றே நன்றாகச் சுத்தம் செய்விக்க வேண்டும். விட்டால் கிருமி தொற்றும், துகள்கள் பச்சை குத்தியது போல் நிரந்தரமாகத் தங்கிவிடும். ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

* தடிமன், ஒவ்வாமைக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். இன்சுலின் பாவிப்பவர்கள் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும். ஓடத் தொடங்குமுன் இரத்தச் சீனியைப் பரிசோதிக்கவும் வேண்டும். காரில் சீனி இறங்கினால் ஓரமாக நிறுத்தலாம், இரண்டு சில்லில் நிறுத்துமுன்பே விழுந்துவிடுவீர்கள்.

* குளிரில் விரல் விறைத்தால் பிறேக் பிடிக்கத் தாமதமாகும். நித்திரைக் குறைவும் அப்படித்தான். நள்ளிரவு வரை உணவு விநியோகித்துவிட்டு விடிய விரிவுரைக்குப் போகும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எமது கருத்து

பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. எமது பிள்ளை பேருந்திலும் ரயிலிலும் போனால் இன்றும் எமக்கு நிம்மதிதான். ஆனால் வளர்ந்த பிள்ளையின் தீர்மானத்தை எமது சொல் எப்போதும் தடுப்பதில்லை. பல வேளைகளில் அதை எமது கண்ணிலிருந்து மறைக்க மட்டுமே செய்கிறது. மறைவில் ஓடும் பிள்ளைக்கு நல்ல தலைக்கவசம் இல்லை, கையுறை இல்லை. விழுந்தால் வைத்தியரிடம் போகவும் தயக்கம்.

ஆகவே வாதாடுங்கள், உங்கள் பயத்தையும் சொல்லுங்கள். ஆனால் பிள்ளை ஓடத்தான் போகிறது என்று தெரிந்தால் ஒதுங்கி நிற்காதீர்கள். தலைக்கவசத்தைக் கடைக்குக் கூட்டிச்சென்று நீங்களே வாங்கிக் கொடுங்கள். காப்புறுதிப் பத்திரத்தை வாங்கி வாசியுங்கள். சாதாரண காப்புறுதி உணவு விநியோக வேலையை உள்ளடக்குவதில்லை. எமது மகனின் பத்திரத்திலும் அது இருக்கவில்லை.

சி.பி.ரி. சான்றிதழ் ஒரு தொடக்கம் மட்டுமே. இரண்டு வருடத்தில் காலாவதியாகிவிடும். பலர் எல் பலகையுடன் அதையே திரும்பத் திரும்பப் புதுப்பித்து வருடக்கணக்காக ஓடுகிறார்கள். முறையாகப் பயின்று, இரு பகுதிச் செய்முறைப் பரீட்சையையும் முடித்து, முழு அனுமதிப்பத்திரம் எடுப்பதுதான் பாதுகாப்பு. அதற்கு ஆகும் செலவைப் பெற்றோர் ரியூசன் காசு போல நினைத்துக் கொடுக்கலாம். எமது சங்கங்களும் விளையாட்டு விழா, கலை விழாவுக்கு நடுவே, இந்த வேலை செய்யும் பிள்ளைகளை ஒரு மாலை கூப்பிட்டு இதைப் பற்றிப் பேசலாம்.

எமது மகன் இப்போது அனுமதிப்பத்திரப் பரீட்சைக்குப் பயிற்சி எடுக்கிறான். நாம் சான்றிதழ் பெற்றபின் சில ஞாயிறு காலைகளில் அவன் பின்னால் மெதுவாக ஓடிப் பார்த்தோம். எமக்கு அது போதும். மனைவி இன்னும் சன்னலடியில் நின்றுதான் பார்க்கிறார். அந்தப் பயம் போகாது, போகவும் தேவையில்லை. ஆனால் அவன் எத்தனை மணிக்கு வருவான், எந்த வீதியால் வருவான் என்று இப்போது அவருக்குத் தெரியும். தலைக்கவசமும் கையுறையும் வாசலில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கின்றன.

அடுத்த இதழில் சந்திப்போம். நலமாக இருங்கள்.