கதவு திறந்திருந்தால் போதுமா?

இளைஞர் மையத்தின் கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறதாம். பெண் பிள்ளைகள் வரவில்லையென்றால் அவர்களுக்கு ஆர்வம் இல்லையாம். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியாது.

வியன்னாவில் 1990களில் இதே கேள்வி எழுந்தது. ஒன்பது வயதைத் தாண்டியதும் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதை ஆய்வு காட்டியது. நகர நிர்வாகம் சிறுமிகளைக் குறை சொல்லாமல் இடத்தை மாற்றியது. திறந்தவெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். ஆர்வமே இல்லாதவர்களா வந்தார்கள்?

நம் ஊர் மையங்கள் சிலவற்றுக்குள் போய்ப் பாருங்கள். வாசலை ஒட்டியே கேரம் பலகை, சுற்றிப் பையன்கள். அந்தக் கூட்டத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்காது, நாப்கின் போடக் கூடை இருக்காது. பதினைந்து வயதுப் பெண் அங்கே எவ்வளவு நேரம் தங்குவாள்?

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், "சாய்தளம்தான் போட்டாயிற்றே" என்பது அடுத்த பதில். சாய்தளத்துக்கான விதி, உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு: இரண்டு படி, ஓரடி உயரம் என்றால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நாலடியில் சரித்துக் கொட்டிய சிமென்ட்டில் யாரும் தானாகச் சக்கர நாற்காலியை உருட்டி ஏற முடியாது.

இதற்கெல்லாம் செலவு கூடுமாம். வரைபடத்தில் சுவரை நகர்த்த ரப்பர் போதும். கட்டிய பிறகு இடிப்பதற்குத்தான் காசு. அடுத்த மையத்துக்குக் கோடு போடுமுன், இதுவரை வராத பிள்ளைகளை உட்காரவைத்துக் கேளுங்கள்.