640, 236: இல்லாத உருளைகளின் கணக்கு

98, 183, 37, 122, 14, 124, 65, 67. வட்டின் தலை 53-இல் நிற்கிறது. இயங்குதளப் பாடம் படித்தவர்களுக்கு இவ்வெண்வரிசை வாய்ப்பாடு போல் மனத்தில் பதிந்திருக்கும். சில்பர்ஷாட்ஸ், கால்வின் பாடநூலிலிருந்து வகுப்பறைக்கு வந்த கணக்கு இது. கோரிக்கைகள் வந்த வரிசையில் சென்றால் தலை 640 உருளைகளைக் கடக்கும். அருகிலிருப்பதை முதலில் எடுத்தால் 236. படம் வரைந்து விடை எழுதினால் பதின்மூன்று மதிப்பெண் உறுதி.

அம்மதிப்பெண்ணோடு ஓசூர் வழியே வந்து, ஹெப்பகோடியின் பி.ஜி. விடுதிகளில் தங்கி, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை தேடும் தமிழ்நாட்டு இளைஞரின் மடிக்கணினியில் இருப்பது பெரும்பாலும் என்.வி.எம்.இ. சேமிப்பகம். அதில் சுழலும் தட்டோ, தலையோ, உருளையோ கிடையாது. லினக்ஸ் கெர்னல் இத்தகைய சாதனத்துக்கு இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் அட்டவணை முறையின் பெயரே 'நன்', அதாவது எதுவுமில்லை.

வன்தட்டுகள் தரவு மையங்களில் இன்னும் சுழல்கின்றனவே என்று பேராசிரியர்கள் வாதிடுவர். உண்மைதான். ஆனால் அந்த வன்தட்டும் இயங்குதளத்திடம் உருளை எண்ணைச் சொல்வதில்லை. தொடர்ச்சியாக எண்ணிடப்பட்ட தொகுதிகளையே காட்டுகிறது. கோரிக்கைகளைத் தன் விருப்பப்படி உள்ளுக்குள் வரிசை மாற்றிக்கொள்கிறது. வன்தட்டுக்கே பொருந்தாத கணக்கை வன்தட்டின் பெயரால் காப்பாற்றுவது விந்தை.

கற்பிக்க வேண்டிய செலவு வேறிடத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டில், வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரவே சராசரியாக 4.17 மில்லி வினாடி ஆகும். அமைப்பு அழைப்பு, தரவை இருமுறை நகலெடுத்தல், குறுக்கீடு, சூழல் மாற்றம் என்று கெர்னல் செலவிடும் சில மைக்ரோ வினாடிகளை அதன் முன் யாரும் பொருட்படுத்தவில்லை. சாதனம் பத்து மைக்ரோ வினாடியில் விடையளிக்கத் தொடங்கியதும் அதே சில மைக்ரோ வினாடிகள் மொத்த நேரத்தில் கணிசமான பங்காகிவிட்டன. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன் குறைபாட்டுக்கான திருத்தம் ஒவ்வொரு அமைப்பு அழைப்பின் விலையையும் மேலும் ஏற்றியது. 2019 மே மாதம் லினக்ஸ் 5.1-இல் வந்த ஐஓ_யூரிங், செயலியும் கெர்னலும் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வளைய வரிசைகளை வைத்தது. ஒன்றில் கோரிக்கை, மற்றதில் விடை. பல கோரிக்கைகளுக்கு ஓர் அழைப்பு போதும், சில அமைப்புகளில் அதுவும் வேண்டாம். இதற்கும் விலை உண்டு: பாதுகாப்பு ஓட்டைகள் மிகுந்ததால் 2023-இல் கூகுள் தன் தளங்களில் இதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. விவாதிக்கத்தக்க வினா என்றால் இதுவன்றோ!

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகளும் அல்ல. பெங்களூரு ஐ.பி.எம்.மில் பணியாற்றிய சுபர்ணா பட்டாச்சார்யா, லினக்ஸின் ஒத்திசைவற்ற உள்ளீடு-வெளியீடு பற்றி 2003-ஆம் ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் பிறருடன் இணைந்து கட்டுரை அளித்தார். இடைநினைவகம் வழியாகப் படிக்கும்போதும் நிரல் காத்து நிற்கக் கூடாது என்பது அம்முயற்சியின் ஒரு நோக்கம். ஐஓ_யூரிங் வரும்வரை லினக்ஸில் அது நிறைவேறவில்லை. 2024-இல் ஃபாஸ்ட் மாநாட்டில், கோப்பு முறைமை அடுக்குகளைத் தாண்டி என்.வி.எம்.இ. கட்டளையை நேரடியாகச் செலுத்தும் வழியை விளக்கியவர்களுள் சாம்சங்கின் காஞ்சன் ஜோஷி ஒருவர். இப்பெயர்களில் ஒன்றேனும் நம் பாடத்திட்டத்தில் உண்டா?

உருளைக் கணக்கு நீடிப்பதன் காரணம் அறிவியல் சார்ந்ததன்று. அதற்கு ஒரே விடை, திருத்துவது எளிது, ஆய்வகம் வேண்டாம். ஆசிரியருக்கு வசதியான இந்த ஏற்பாட்டின் செலவை நேர்காணல் அறையில் மாணவர் கட்டுகிறார். அங்கே எவரும் 236 என்ற விடையைக் கேட்பதில்லை.

மாற்றுக்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. ஒரு ஜி.பி. கோப்பை 4 கே.பி. துண்டுகளாகப் படித்தால் 2,62,144 அழைப்புகள், 1 எம்.பி. துண்டுகளாகப் படித்தால் 1,024. எஸ்-டிரேஸ் கருவி அவற்றை எண்ணிக் காட்டும், கடிகாரம் வேறுபாட்டைக் காட்டும். கல்லூரி ஆய்வகத்தின் மிகப் பழைய லினக்ஸ் கணினியே இதற்குப் போதும்.