தண்ணீர் குடிக்காத பெண்கள்

மகளிர் தினத்துக்குக் கிருஷ்ணகிரியில் மினி மாரத்தான். ஓசூர் சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள், ரோஸ் டி-ஷர்ட் கொடுத்து. ஆறு மணி ஓட்டம். கொடியசைக்க வேண்டியவர் வந்தது எட்டே முக்காலுக்கு. அதற்குள் ரோடு சுட ஆரம்பித்துவிட்டது. எனக்கு முன்னால் ஓடியவள் சுருண்டு விழுந்தாள். "தண்ணி குடிக்காம வந்தா இப்படித்தான்" என்றார் மைக் பிடித்திருந்தவர்.

ஏன் குடிக்கவில்லை? மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. லைனில் நிற்கும்போதும் நாங்கள் குடிப்பதில்லை. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கைதூக்க வேண்டும். தாகத்தை அடக்க எங்களுக்குப் பயிற்சி தேவையில்லை.

2016 ரியோ ஒலிம்பிக் மாரத்தானை வெயிலில் ஓடி முடித்த ஓ.பி. ஜெய்ஷா எல்லைக்கோட்டில் மயங்கி விழுந்தார். முந்தைய ஆண்டுதான் 2:34:43 என்று தேசிய சாதனை படைத்தவர். இந்திய மேசைகளில் தண்ணீர் தர ஆளே இல்லை என்றார். தனிப் பானம் வேண்டாமென்று அவரும் பயிற்சியாளரும்தான் சொன்னார்கள் என்றது தடகளச் சம்மேளனம். எனக்கு அந்த மைக் குரல்தான் கேட்டது.

1908 லண்டன் மாரத்தானில் டொராண்டோ பியட்ரி பலமுறை விழுந்தார். தூக்கி நிறுத்தினார்கள், ராணியே கோப்பை கொடுத்தார். 1928இல் 800 மீட்டர் ஓடிய பெண்கள் சோர்ந்து விழுந்தார்கள் என்று எழுதி, 1960 வரை ஒலிம்பிக்கில் அந்த ஓட்டத்தையே நிறுத்தினார்கள். பெண்கள் மாரத்தான் வந்தது 1984இல்தான்.

இந்த வருஷமும் டி-ஷர்ட் சைஸ் கேட்டு வந்தார்கள். கழிப்பறை எத்தனை, ஓட்டம் எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், 41 கையெழுத்துடன்.